வாக்கும் கருத்தும்: 2008ஆம் ஆண்டு அமெரிக்க முதனிலைத் தேர்தல் தகராறு

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியரசுத் தலைவர் வேட்பாளரைக் கட்சித் தலைமை தன் விருப்பப்படி அறிவிப்பதில்லை. மாநிலந்தோறும் வாக்களிப்பு நிகழ்கிறது. வேட்பாளர்கள் பெறும் வாக்குகளுக்கேற்பப் பேராளர்கள் ஒதுக்கப்படுகின்றனர். அப்பேராளர்கள் தேசிய மாநாட்டில் கூடி வேட்பாளரை உறுதிசெய்கின்றனர். இம்முதற்கட்ட வாக்களிப்பே முதனிலைத் தேர்தல் எனப்படும். இந்தியக் கட்சிகளிடையே இவ்வழக்கம் வேரூன்றாமையால் தமிழில் இச்சொல் இன்னும் நாளிதழ்ச் சொல்லாகவே நிற்கிறது. இத்தேர்தலில் தகராறு எழுமாயின் அதனைத் தீர்க்கும் உரிமை யாருக்குரியது? அத்தீர்வில் வாக்காளர் கருத்துக்கு என்ன இடம்? 2008ஆம் ஆண்டின் முற்பாதி முழுவதும் சனநாயகக் கட்சியை அலைக்கழித்த வினாக்கள் இவை. புளோரிடா, மிச்சிகன் ஆகிய இரு மாநிலங்களின் தகராற்றில் வாக்காளர் கருத்து எவ்வாறு கேட்கப்பட்டது, எவ்வாறு கையாளப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தகராறின் தோற்றம்

இன்றைய முதனிலைத் தேர்தல் முறைக்கு 1968ஆம் ஆண்டுச் சிகாகோ மாநாடு ஒரு திருப்புமுனை. முதனிலைத் தேர்தல்களில் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ஃப்ரி அம்மாநாட்டில் வேட்பாளரானார். அதனால் எழுந்த சினத்தைத் தணிக்க அமைக்கப்பட்ட மெக்கவர்ன் - ஃபிரேசர் ஆணையம், பேராளர் தெரிவைக் கட்சித் தலைவர்களின் கையிலிருந்து வாக்காளரிடம் கொண்டு சென்றது. வாக்காளருக்கு அதிகாரம் வந்ததும் முதலில் வாக்களிப்போருக்குத் தனிச் செல்வாக்கு வாய்த்தது. மாநிலங்கள் தம் தேர்தல் நாளை முன்னோக்கி நகர்த்தத் தலைப்பட்டதன் காரணம் இதுவே.

2008ஆம் ஆண்டுக்குரிய சனநாயகக் கட்சி விதிகளின்படி அயோவா, நெவாடா, நியூ ஹாம்ப்ஷயர், தென் கரோலினா ஆகிய நான்கு மாநிலங்கள் மட்டுமே பிப்ரவரி 5க்கு முன் தேர்தல் நடத்தலாம். புளோரிடா 2007 மே மாதத்தில் சட்டமியற்றித் தன் தேர்தலைச் சனவரி 29க்கு மாற்றிக்கொண்டது. அச்சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்தது குடியரசுக் கட்சி. ஆயினும் சனநாயகக் கட்சியினரும் அச்சட்டத்தை ஆதரித்து வாக்களித்தனர் என்பது மறக்கத்தக்கதன்று. வாக்கெடுப்பில் காகிதச் சான்று வேண்டும் என்னும் ஏற்பாடும் அதே சட்டத்தில் அடங்கியிருந்தது. 2000ஆம் ஆண்டில் 537 வாக்குகளால் முடிவு நிருணயிக்கப்பட்ட மாநிலத்தில் அதனை எதிர்ப்பது அவர்களுக்கு அரிதாயிற்று. மிச்சிகனிலோ சனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் ஜெனிஃபர் கிரான்ஹோமே சனவரி 15ஆம் நாளைச் சட்டமாக்கினார்.

கட்சி விதி இத்தகைய மீறலுக்குப் பேராளர்களுள் பாதியைக் குறைக்கவே இடம் தந்தது என்பது பின்னர் எழுந்த வாதம். ஆனால் விதிகள் - துணைவிதிகள் குழு, புளோரிடாவின் பேராளர் அனைவரையும் 2007 ஆகஸ்டிலும், மிச்சிகனின் பேராளர் அனைவரையும் டிசம்பரிலும் நீக்கியது. புளோரிடாவின் தேர்தல்வழிப் பேராளர் 185 பேர். மிச்சிகனின் எண்ணிக்கை 128. கட்சி விதியும் மாநிலச் சட்டமும் முரணும்போது மாநாட்டில் யாருக்கு இடமளிப்பது என்பதில் கட்சி விதியே மேலோங்கும் என உச்ச நீதிமன்றம் 1981இல் விஸ்கான்சின் வழக்கில் முடிவுசெய்திருந்தது. எனவே நீதிமன்ற வழியும் பயன் தரவில்லை.

இருவகை வாக்கு

வேட்பாளர்கள் இவ்விரு மாநிலங்களிலும் பரப்புரை செய்வதில்லை என உறுதிமொழி அளித்தனர். தமிழில் 'வாக்கு' என்பது சொல்லையும் உறுதிமொழியையும் தேர்தல் விருப்பத்தையும் ஒருங்கே குறிக்கும். தலைவர்கள் தந்த வாக்கும் மக்கள் இட்ட வாக்கும் இங்கு எதிரெதிர் நின்றன. மிச்சிகனில் ஒபாமா, எட்வர்ட்ஸ் முதலியோர் வாக்குச்சீட்டிலிருந்தே தம் பெயரை விலக்கிக்கொண்டனர். ஹிலாரி கிளிண்டன் விலக்கவில்லை. அத்தேர்தல் எதற்கும் கணக்காகாது என்று 2007 அக்டோபரில் வானொலியில் கூறியவரும் அவரே. முடிவில் அவர் 55 விழுக்காடு பெற்றார். 'எவருக்கும் கட்டுப்படாதோர்' என்னும் கட்டத்தில் 40 விழுக்காட்டினர் குறியிட்டனர். புளோரிடாவில் அனைவர் பெயரும் இருந்தன. ஏறத்தாழ பதினேழரை இலட்சம் பேர் வாக்களிக்க, கிளிண்டன் 50 விழுக்காடும் ஒபாமா 33 விழுக்காடும் பெற்றனர். அதே நாளில் சொத்துவரி குறித்த அரசமைப்புத் திருத்தமும் வாக்கெடுப்புக்கு வந்தமை பலரைச் சாவடிக்கு ஈர்த்தது.

மறுதேர்தலும் மக்கள் கருத்தும்

ஒபாமாவும் கிளிண்டனும் நெருங்கிப் போட்டியிட்ட மார்ச் மாதத்தில், செல்லாதெனக் கழித்த வாக்குகள் திடீரென விலைமதிப்புப் பெற்றன. புளோரிடா மாநிலக் கட்சித் தலைவர் கேரன் தர்மன் அஞ்சல்வழி மறுதேர்தல் ஒன்றை முன்மொழிந்து கட்சியினரின் கருத்தைக் கேட்டார். ஆயிரக்கணக்கில் மறுமொழிகள் வந்தன. காரணங்கள் பலவாயினும் புளோரிடா மீண்டும் வாக்களிக்க விரும்பவில்லை என்பது தெளிவு என்று கூறி, மார்ச் 17 அன்று அவர் அத்திட்டத்தைக் கைவிட்டார். ஒருமுறை முறையாக வாக்களித்துவிட்டோம் என்பவரும், அஞ்சல் வாக்கில் நம்பிக்கையற்றவரும், செலவை அஞ்சியவரும் ஒரே 'வேண்டாம்' என்பதற்குள் அடங்கினர். மறுதேர்தல் வேண்டாம் என்பதில் ஒன்றுபட்டவர்கள், அதற்கு மாற்றாக என்ன வேண்டும் என்பதில் ஒன்றுபட்டவர்கள் அல்லர். இவ்வேறுபாட்டை அன்றைய விவாதம் போதிய அளவு கருதவில்லை எனலாம்.

மிச்சிகனில் சூன் 3 அன்று மறுதேர்தல் நடத்தும் திட்டம் வேறொரு சிக்கலில் மாட்டியது. சனவரியில் குடியரசுக் கட்சித் தேர்தலில் வாக்களித்தோர் மீண்டும் பங்கேற்க இயலாது என வரைவு கூறியது. தாம் விரும்பிய பெயர் சீட்டில் இல்லாமையால் எதிர்க்கட்சித் தேர்தலில் வாக்களித்தவர்களும் அவ்விலக்கில் அகப்படுவர். ஒபாமா தரப்பு இதனைச் சுட்டித் தயங்கியது. சட்டமன்றம் முடிவெடுக்காமலே கலைந்தது. ஒபாமா முன்னணியில் இருந்தமையால் காலத்தாழ்வு அவருக்கு நன்மையாயிற்று என்பதையும் நோக்க வேண்டும். இரு தரப்பினரும் மக்கள் கருத்தைத் தத்தம் வசதிக்கேற்பவே மேற்கோள் காட்டினர்.

மே 31 தீர்ப்பு

2008 மே 31 அன்று விதிகள் குழு வாஷிங்டனில் கூடியது. புளோரிடாவுக்கு எதிர்ப்பின்றி 27 வாக்குகளால் தீர்வு கிட்டியது: பேராளர் அனைவருக்கும் இடம், ஒவ்வொருவருக்கும் அரை வாக்கு. மிச்சிகன் அவ்வாறு எளிதாகவில்லை. பதிவான வாக்குகளின்படி கிளிண்டனுக்கு 73, கட்டுப்படாதோருக்கு 55. ஒபாமா தரப்பு 64க்கு 64 எனச் சமமாகப் பகிரக் கோரியது. மாநிலக் கட்சி 69க்கு 59 என முன்மொழிந்தது. இவ்வெண்ணுக்கு அடிப்படையாகக் காட்டப்பட்டவை மூன்று: பதிவான வாக்கு, விலகியோர் பெயரைக் கையால் எழுதியமையால் எண்ணப்படாத ஏறத்தாழ 30,000 சீட்டுகள், வாக்குச்சாவடி வாயிலில் எடுத்த கருத்துக்கணிப்பு. எல்லார் பெயரும் இருந்திருந்தால் யாருக்கு வாக்களித்திருப்பீர் என்று அக்கணிப்பு வினவ, 46 விழுக்காட்டினர் கிளிண்டனையும் 35 விழுக்காட்டினர் ஒபாமாவையும் கூறியிருந்தனர்.

இத்தகராற்றின் முடிச்சு இங்குதான் உள்ளது. வாக்கு என்பது மறைவில் இடப்பட்டு எண்ணப்படுவது. கருத்து என்பது கேட்டவருக்கு விடையாகச் சொல்லப்படுவது. இடப்படாத வாக்கைச் சொல்லப்பட்ட கருத்தைக்கொண்டு நிரப்பலாம் எனக் குழு 19க்கு 8 என்னும் கணக்கில் ஏற்றது. தம் வேட்பாளரின் நான்கு பேராளர்கள் பறிக்கப்பட்டனர் எனக் கிளிண்டனின் ஆலோசகர் ஹரால்டு இக்கிஸ் முழங்கினார். 2007இல் முழுத் தண்டனைக்கு ஆதரவளித்த உறுப்பினருள் அவரும் ஒருவர். அவர் நிலை மாறியது உண்மையே. எனினும் அவர் எழுப்பிய எதிர்ப்பு வலுவற்றதன்று. 73க்கும் 64க்கும் ஏறத்தாழ நடுவில் 69 அமைவதை நோக்க, பேரம் ஒன்று கணிப்பின் உடையை அணிந்து வந்ததோ என ஐயுற இடமுண்டு. கணிப்பும் சாவடிக்கு வந்தவரிடம் மட்டுமே எடுக்கப்பட்டது. கணக்காகாத தேர்தல் எனத் தலைவர்கள் சொன்னதை நம்பி வீட்டில் இருந்தவர்களின் கருத்து எந்த எண்ணிலும் இடம்பெறவில்லை.

பின்விளைவு

அத்தீர்ப்பால் கிளிண்டனுக்குக் கிடைத்த நிகர ஆதாயம் 24 பேராளர் வாக்குகளே. சூன் 3 அன்று ஒபாமா தேவையான 2,118ஐக் கடந்தார். சூன் 7 அன்று கிளிண்டன் விலகினார். வெற்றி உறுதியான பின்னர், ஒபாமாவின் வேண்டுகோளின்படி ஆகஸ்டில் டென்வர் மாநாட்டுக்கு முன் இரு மாநிலங்களுக்கும் முழு வாக்குரிமை மீண்டது. தண்டனை முழுமையாய்த் தொடங்கிப் பாதியாகி இறுதியில் இல்லாமற் போனது.

2012இல் புளோரிடாவின் குடியரசுக் கட்சித் தேர்தல் மீண்டும் சனவரிக்கு நகர்ந்து பேராளருள் பாதியை இழந்தது. மிச்சிகனோ தான் வேண்டிய முன்னுரிமையைச் சனநாயகக் கட்சித் தேசியக் குழுவின் இசைவுடனேயே 2023இல் பெற்றது. 2024 பிப்ரவரி 27 அன்று நடந்த அத்தேர்தலில் 'எவருக்கும் கட்டுப்படாதோர்' கட்டத்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் குறியிட்டனர். காசாப் போர் குறித்த பைடன் அரசின் நிலைப்பாட்டுக்குத் தம் எதிர்ப்பைக் காட்டவே அவர்கள் அக்கட்டத்தைத் தேர்ந்தனர். இம்முறை அவ்வாக்குகள் எண்ணப்பட்டு, அவற்றுக்குரிய பேராளர் இருவர் சிகாகோ மாநாட்டுக்குச் சென்றனர்.