நடுக்குவாதம்: மருந்தும் வாழ்முறையும் — ஒரு வரலாற்று நோக்கு

நோயை வேரோடு களையும் மருந்து கண்டறியப்படாதவிடத்து, அதனைத் தணித்தற்குரிய வழிகள் பல தோன்றி ஒன்றோடொன்று போட்டியிடுதல் வைத்திய வரலாற்றிற் பலகாலும் காணப்படுவதாகும். நடுக்குவாதம் எனத் தமிழிலும், பார்க்கின்சன் நோய் என உலகெங்கும் வழங்கும் நோயின் வரலாறு இதற்குத் தக்க சான்று. கை நடுங்கத் தொடங்கிய ஒருவர் மாத்திரையை உடனே உட்கொள்ளல் வேண்டுமா, அன்றி நடை, பயிற்சி, உணவு, மூலிகை என்பவற்றால் இயன்றவரை காலங்கடத்தி, வேறு வழியில்லாதபோதே மாத்திரையை நாடல் வேண்டுமா என்னும் வினா, இந்நோய் புகுந்த இல்லங்களில் இன்றும் எழுகின்றது. அவ்வினாவின் அடியில் ஓர் அச்சம் உண்டு. அவ்வச்சம் எங்கிருந்து வந்தது, அது எவ்வளவுக்கு நியாயமானது என்பவற்றை நோயின் வரலாற்றைக் கொண்டே ஆராய்தல் தகும்.

இலண்டன் நகரின் ஒக்ஸ்டன் பகுதியில் வைத்தியத் தொழில் புரிந்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் (1755 – 1824). அரசியற் சீர்திருத்தத்திலும் புதைபடிவ ஆராய்ச்சியிலும் நாட்டங்கொண்ட அவர், 1817 ஆம் ஆண்டில் நடுக்குவாதம் பற்றி 66 பக்கங் கொண்ட சிறு நூலொன்றை வெளியிட்டார். அதில் விவரிக்கப்பட்ட நோயாளர் 6 பேர்; அவர்களுட் சிலர் வீதியிற் கண்ணுற்றவர் மாத்திரமே. ஓய்ந்திருக்கும்போது நடுங்கும் கையும், முன்னோக்கி வளைந்த உடலும், நடை ஓட்டமாக மாறும் இயல்பும் அந்நூலில் மிகத் தெளிவாகப் பதிவாகியுள்ளன. பரிகாரமாக அவர் கூறியதோ கழுத்தின் மேற்பகுதியிற் குருதி வாங்குதலும், அவ்விடத்திற் கொப்புளம் எழச்செய்து நீர் வடியவிடுதலுமாம். நோயின் இயல்பு நன்கு அறியப்படும் வரையும் உள்மருந்து கொடுத்தல் பொருந்தாதென்பது அவர் கருத்து. குருதி வாங்குமாறு கூறியது இன்று எவரும் ஏலாத முறை. ஆயினும், அறியாத நோய்க்கு அறியாத மருந்தைக் கொடாதிருந்த அவருடைய அடக்கம் பாராட்டுக்குரியது.

பாரிஸ் நகரின் சல்பெத்ரியே வைத்தியசாலையிற் பணியாற்றிய சார்க்கோ என்பவரே இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரை இட்டு வழங்கினார். நடுக்கம், தசை விறைப்பு, அசைவின் மந்தம் என்பன வெவ்வேறு குறிகள் என்பதையும், நடுக்கமின்றியும் இந்நோய் இருத்தல் கூடும் என்பதையும் எடுத்துக்காட்டியவர் அவர். மருந்து, வாழ்முறை என்னும் இரு வழிகளும் அவருடைய கூடத்திலேயே அருகருகே நின்றமை நோக்கற்பாலது. ஒருபுறம், நம் நாட்டு ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்த செடிகளிலிருந்து பெறப்படும் மருந்துகளை அவர் கொடுத்தார். 1867 ஆம் ஆண்டில் அவருடைய மாணவர் ஓடன்ஸ்ரைன் எழுதிய ஆய்வேட்டில் இதற்குச் சான்றுண்டு. மறுபுறம், புகையிரதத்திலும் குதிரை வண்டியிலும் நெடுந்தூரம் சென்ற நோயாளர் தம் உடலுபாதை தணிந்ததெனக் கூறக் கேட்டு, அவ்வதிர்வைத் தரவல்ல நாற்காலி ஒன்றைச் செய்வித்தார். 1892 ஆம் ஆண்டு விரிவுரையொன்றில் அதன் பயனைப் புகழ்ந்தும் பேசினார். அடுத்த ஆண்டில் அவர் இறந்தமையால் அவ்வாராய்ச்சி முற்றுப்பெறவில்லை.

ஏறத்தாழ 120 ஆண்டுகளின் பின், 2012 ஆம் ஆண்டில், சிக்காகோ நகர ஆராய்ச்சியாளர் அதனை மீண்டும் சோதித்தனர். 23 நோயாளர் இரு கூறாக்கப்பட்டு, ஒரு சாரார் அதிரும் நாற்காலியிலும், மறுசாரார் அதிராத நாற்காலியில் இனிய ஒலிகளைக் கேட்டும் அமர்ந்தனர். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் நன்மையடைந்தனர்! ஓய்வும் கவனிப்பும் எதிர்பார்ப்புமே இந்நோயில் ஓரளவு பயன் தரவல்லன என்பதும், ஒப்புநோக்காத பரிகாரத்தை நம்புதல் எளிது என்பதும் இதனாற் பெறப்படும். வாழ்முறைப் பரிகாரங்களைப் போற்றுவோர் இச்சோதனையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று.

ஊமத்தைக் குடும்பத்து மருந்துகள் நூறாண்டுக்கு மேலாக முதலிடம் வகித்தன. அவை நடுக்கத்தை ஓரளவு குறைத்தன. வாய் உலர்தல், மலச்சிக்கல், முதியோரில் மறதியும் மயக்கமும் ஆகியவற்றையும் உடன் கொணர்ந்தன. மருந்தென்றால் அஞ்சும் மனப்பாங்குக்கு முதல் வித்து இங்கேயே இடப்பட்டது எனலாம்.

பெருந்திருப்பத்திற்குக் காரணமானவை நம் நாடுகளில் வளரும் இரு தாவரங்கள் என்பது பலரும் அறியாத செய்தி. ஒன்று சர்ப்பகந்தி, மற்றையது பூனைக்காலி. உடலிற் பட்டால் தாங்கொணாத் தினவை உண்டாக்கும் சுணையுடைய நெற்றுக்களைக் கொண்ட பூனைக்காலியின் வித்தை நம் முன்னோர் வலிவூட்டும் மருந்தாகக் கொண்டனர். 1913 ஆம் ஆண்டில் மார்க்கஸ் குகென்ஹைம் என்னும் சுவிற்சர்லாந்து நாட்டு இரசாயனர் ஐரோப்பிய அவரையினம் ஒன்றிலிருந்து, பின்னர் லெவோடோப்பா எனப் பெயர்பெற்ற பொருளைப் பிரித்தெடுத்தார். இரண்டரைக் கிராம் அளவைத் தாமே உட்கொண்டு கடுமையாக வாந்தியும் எடுத்தார். 1937 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசுவாமியும் அதே பொருளைப் பூனைக்காலி வித்திலிருந்து பிரித்தெடுத்து ஆங்கில ஆராய்ச்சி இதழொன்றில் வெளியிட்டனர். நடுக்குவாதத்திற்கும் அப்பொருளுக்கும் உள்ள தொடர்பு அன்று அறியப்படவில்லை.

அத்தொடர்பை வெளிப்படுத்தியது மற்றைத் தாவரம். சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952 ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்ப்பின் குருதியமுக்கத்தைக் குறைக்கும் மருந்தாகப் பரவியது. அதனை உட்கொண்டவருட் சிலர்க்கு நடுக்குவாதக் குறிகள் தோன்றின. சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் 1957 ஆம் ஆண்டில் ரெசர்ப்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோப்பாவை ஊசிமூலம் செலுத்த, அவை எழுந்து நடமாடின. டோப்பா மூளையில் டோப்பமீன் என்னும் பொருளாக மாறுவதே இதற்குக் காரணம் என அவர் காட்டினார். இத்துறைப் பணிக்காக 2000 ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். 1960 இல் வியன்னா நகரில் எரிங்கரும் ஹோர்னிக்கிவிச்சும் நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்து, அவற்றில் டோப்பமீன் பெரிதும் குன்றியிருத்தலைக் கண்டனர். 1961 இல் அந்நகரிலேயே பேர்க்மயர் லெவோடோப்பாவை நோயாளர்க்கு ஊசிமூலம் செலுத்த, படுக்கையில் எழுந்திருக்கவும் இயலாதிருந்தோர் எழுந்து நடந்தனர். பயன் சில மணி நேரமே நின்றது. 1967 இல் நியூயோர்க் மாநிலத்தில் ஜோர்ஜ் கொற்சியாஸ், சிற்றளவிற் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, நாளொன்றுக்கு 16 கிராம் வரையும் டோப்பாவை வாய்வழி கொடுத்தார். 16 நோயாளருள் 8 பேர் தெளிவாக முன்னேறினர். நோய் தீராவிடினும் நோயாளர் வாழ்வு மாறியது. 150 ஆண்டுகளாக எந்த நாற்காலியும் எந்தப் பத்தியமும் செய்யாததை ஒரு பொருள் செய்தது என்பதை மறுத்தல் இயலாது.

ஆயின் மருந்து வந்ததும் உணவு பற்றிய வினா மறைந்துவிடவில்லை. புதிய உருவிற் தோன்றிற்று. விற்றமின் பி6 மிகுதியாக உட்கொண்டோரில் லெவோடோப்பாவின் பயன் கெடுதல் 1969 இல் அறியப்பட்டது. மூளையைச் சேருமுன்னரே மருந்து உடலில் மாறிவிடுதலை அது விரைவுபடுத்தியமையே காரணம். அம்மாற்றத்தைத் தடுக்கும் கார்பிடோப்பா என்னும் துணைப்பொருள் 1975 ஆம் ஆண்டளவிற் சேர்க்கப்பட்டபின் இவ்விடர் பெரிதும் நீங்கியது, வேண்டிய அளவும் ஐந்திலொன்றாகக் குறைந்தது, வாந்தியும் தணிந்தது. புரதமோ வேறு வகையில் இடர் செய்தது. இறைச்சி, மீன், பால், பருப்பு என்பவற்றிலிருந்து வரும் அமினோவமிலங்களும் லெவோடோப்பாவும் குடலிலிருந்து குருதிக்கும் குருதியிலிருந்து மூளைக்கும் ஒரே வாயில் வழியாகச் செல்லவேண்டியிருத்தலின், உணவு நிறைந்த வேளையில் மருந்து பின்தள்ளப்படுகின்றது. இதனை 1975 இல் மேனாவும் கொற்சியாசும் எழுதினர். மாத்திரையை உணவுக்கு அரைமணி நேரமேனும் முன்பாகக் கொள்ளுமாறு வைத்தியர் இன்று கூறுவது இதனாலேயே. மருந்தின் பயனைக் காக்கும் உணவொழுக்கம் இது. மருந்துக்கு மாற்றாகும் பத்தியமன்று.

அச்சம் பெருகியது இக்காலத்திலேயே. நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில், மூளையழற்சி நோயின் பின் பல்லாண்டு சிலைபோல் இருந்த நோயாளர்க்கு 1969 இல் ஒலிவர் சாக்ஸ் லெவோடோப்பாவைக் கொடுத்தார். அவர்கள் விழித்தெழுந்ததையும், பின்னர்க் கட்டுக்கடங்கா அசைவுகளாலும் மனக்கொந்தளிப்பாலும் அலைப்புண்டதையும் 1973 இல் அவர் வெளியிட்ட நூல் உலகறியச் செய்தது. சாதாரண நடுக்குவாத நோயாளரிலும் சில ஆண்டு கழிந்தபின் மருந்தின் பயன் ஏறியிறங்குதலும், தானே எழும் அசைவுகளும் தோன்றின. எனவே, இம்மருந்து சில ஆண்டுகளுக்கே பயன்படும், முந்தித் தொடங்கினால் முந்தித் தீர்ந்துவிடும் என்னும் எண்ணம் பரவலாயிற்று. அது மூளைக் கலங்களுக்கு நஞ்சாகும் என ஐயுற்ற அறிஞருமுளர். பலர் நல்ல ஆண்டுகளை விறைப்பிலும் மந்தத்திலும் கழித்து, மருந்தைப் பின்னாளுக்கெனச் சேமித்தனர்.

இவ்வெண்ணத்தைச் சோதித்த ஆராய்ச்சிகளுள் ஒன்று வறுமையின் விளைவாகவே வாய்த்தது. ஆபிரிக்காவின் கானா நாட்டு நோயாளர் மருந்து கிட்டாமையால் இத்தாலி நாட்டு நோயாளரினும் பிந்தியே லெவோடோப்பாவைத் தொடங்கினர். 2014 இல் இருசாராரும் ஒப்புநோக்கப்பட்டபோது, ஏற்றவிறக்கமும் மிகையசைவும் நோய் தொடங்கிய காலத்திலிருந்து ஏறத்தாழ ஒரே காலவளவிலேயே இருவரிடத்தும் தோன்றினமை புலனாயிற்று. பிந்தித் தொடங்கியோர் மருந்தில்லாது துன்புற்ற ஆண்டுகளுக்கு ஈடாக எதனையும் பெற்றிலர். 2019 இல் நெதர்லாந்தில் 445 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு சாரார்க்கு உடனேயும் மற்றையோர்க்கு 40 வாரம் கழித்தும் மருந்தைத் தொடங்கிய ஆராய்ச்சியில், 80 ஆம் வார முடிவில் இருவரிடையும் வேறுபாடு காணப்படவில்லை. மருந்து நோயின் போக்கை மெதுவாக்கவுமில்லை, விரைவாக்கவுமில்லை. எனினும் அளவு மிகின் மிகையசைவும் மிகும் என்பது 2004 ஆம் ஆண்டு ஆராய்ச்சியொன்றில் தெளிவாயிற்று. அஞ்சவேண்டியது அளவின் மிகுதியை என்பதே பொருந்தும்.

அங்ஙனமாயின் உடற்பயிற்சியின் இடம் யாது? அது சிறிதன்று. 2012 இல் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் 195 நோயாளர் 24 வாரம் வாரத்திற்கு இருமுறை பயிற்சி பெற்றபோது, தாய்ச்சி என்னும் சீன நாட்டு மெல்லசைவுப் பயிற்சியைச் செய்தோர் உடலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தோரினும் நிலைபேறு மிக்கவராய்க் குறைவாகவே வீழ்ந்தனர். வீழ்தலையும் நிலைதளர்தலையும் தடுப்பதில் மாத்திரை வலுவற்றதாதலின் இப்பயன் பெரிது. 2018 இல், இன்னும் மருந்து தொடங்காத 128 பேரில், ஓடுபொறியிற் கடும் பயிற்சி செய்தோரின் அசைவுக்குறிகள் ஆறு மாதத்தில் ஏறக்குறைய மாறாதிருக்க, வழமைபோல் இருந்தோரின் குறிகள் மோசமடைந்தன. 2019 இல் நெதர்லாந்தில், மருந்து உட்கொண்டுவந்த 130 பேருள் வீட்டிலேயே நிலைச்சைக்கிள் மிதித்தோரிடத்தும் ஒத்த பயன் காணப்பட்டது. பயிற்சியும் இறந்த கலங்களை மீட்பதாக நிறுவப்படவில்லை. ஆறுமாதச் சோதனை பத்தாண்டுக்குச் சான்றாகாது. ஆயினும் விறைத்த உடலோடு எவரும் கடும்பயிற்சி செய்தல் அரிது. மாத்திரை தரும் அசைவே பலர்க்குப் பயிற்சியை இயலச்செய்கின்றது என்பதை, இவ்விரண்டையும் எதிரிகளாக்கி வாதிடுவோர் மறந்துவிடுகின்றனர்.

இயற்கை மூலிகையென மாத்திரைக்கு மாற்றாகப் போற்றப்படும் பூனைக்காலியின் கதை இன்னும் சுவையானது. அவ்வித்தில் இருப்பதும் லெவோடோப்பாவே. கார்பிடோப்பா மாத்திரம் அதில் இல்லை. 2004 இல் இலண்டனில் 8 நோயாளரிற் சோதித்தபோது 30 கிராம் வித்துத் தூள் மாத்திரையினும் விரைவாகத் தொழிற்பட்டது. மாத்திரை வாங்க வசதியற்ற நாடுகளில் இது உதவுமா என அறியும்பொருட்டு, தென்னமெரிக்காவின் பொலிவியா நாட்டில் 14 நோயாளர்க்கு 16 வார ஆராய்ச்சியொன்று நடத்தப்பட்டு 2018 இல் வெளியாயிற்று. 7 பேர் வயிற்றுபாதையாலோ அசைவு மோசமடைந்தமையாலோ இடையில் தூளை நிறுத்தினர். அதனைத் தாங்கிக்கொண்ட ஏனையோர்க்கு அது மாத்திரைக்கு நிகராகவே பயன்பட்டது.