அண்ணா சாலை

அண்ணா சாலை சென்னையின் முதன்மையான சாலை. புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தெற்கே தீவுத்திடல் அருகே தொடங்கித் தென்மேற்காக ஓடி, கிண்டி கத்திப்பாராவில் முடிகிறது. கோட்டையிலிருந்து பரங்கிமலைக்கு, அதாவது செயின்ட் தாமஸ் மவுண்டுக்குப் போகும் வழி என்பதால் ஆங்கிலேயர் இதை மவுண்ட் ரோடு என்றனர். முதலமைச்சர் சி. என். அண்ணாதுரை 1969இல் மறைந்தபின் அவர் பெயர் சாலைக்கு வந்தது. ஊர்ப்பேச்சில் பழைய பெயரும் மறையவில்லை. இங்கிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளிதழுக்குத் திராவிட இயக்கத்தார் வைத்த 'மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு' என்ற பட்டப்பெயரிலும் அது நிலைத்துவிட்டது.

மலைக்குப் போகிறவர்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்தாக வேண்டும். அங்கே 1726இல் பாலம் கட்டிக்கொடுத்தவர் அரசாங்கத்தார் அல்லர். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், தம் சொந்தப் பணத்தில் கட்டினார். மர்மலாங் பாலம் என்று அது வழங்கியது. மாம்பலம் என்ற ஊர்ப்பெயரே ஐரோப்பியர் நாவில் அப்படித் திரிந்தது. அந்தப் பாலம் இன்று இல்லை. அதே இடத்தில் எழுந்த புதிய பாலத்துக்கு மறைமலை அடிகள் பெயர். உஸ்கான் வைத்த கல்வெட்டு மட்டும் எஞ்சியிருக்கிறது. இந்தச் சாலையின் வரலாற்றில் முதல் மரியாதை இவருக்கே உரியது என்று சொல்லலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டைக்குள் நெருக்கடி மிகவே, கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் வெளியே வந்து இச்சாலையின் இருபுறமும் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டனர். அவர்களை நம்பிக் கடைகள் வந்தன. ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் 1844இல் தொடங்கிய புத்தகக் கடை, இந்தியாவில் இன்றும் நடந்துவரும் புத்தகக் கடைகளில் மிகப் பழையது. அதன் இப்போதைய வெள்ளைக் கட்டடம் 1904ஆம் ஆண்டுக்குரியது.

சாலையின் தொடக்கத்தில் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோவின் வெண்கலச் சிலை, 1839 முதல் குதிரைமேல் அமர்ந்திருக்கிறது. வடித்தவர் பிரான்சிஸ் சான்ட்ரி. சேணமும் அங்கவடியும் இல்லாத சிலை என்பதால் அதைப் பற்றி ஊரில் கதைகள் பல. சற்றுத் தள்ளி அரசினர் தோட்டத்தில் ராஜாஜி மண்டபம். திப்பு சுல்தானை வென்றதன் நினைவாக ஆளுநர் எட்வர்ட் கிளைவ் கட்டிய விருந்து மண்டபம் இது, 1802இல் முடிந்தது. வரைந்தவர் சென்னை வானாய்வுக்கூடத்தைக் கவனித்துவந்த ஜான் கோல்டிங்காம். விருந்துக்கென்று எழுந்த மண்டபம் பின்னாளில் தமிழகத்தின் துக்கத்துக்கு உரிய இடமாயிற்று. அண்ணா, காமராசர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் உடல்கள் இங்குதான் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அதே வளாகத்தில் 2010இல் திறந்த புதிய சட்டமன்றக் கட்டடம், ஆட்சி மாறியபின் 2014இல் பல்நோக்கு மருத்துவமனை ஆனது.

எல்.ஐ.சி. கட்டடம் ஒரு தலைமுறைக்கே சென்னையின் அடையாளம். 'பதினாலு மாடி' என்றால் அதுதான். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தம் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கிய வேலை இது. 1954இல் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மாண்டார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. கட்டடத்தை முடித்து 1959இல் திறந்தது எல்.ஐ.சி. அப்போது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அது. பட்டணம் பார்க்க வந்தவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து மாடிகளை எண்ணினார்கள். கிராமத்து நாயகன் சென்னைக்கு வந்துவிட்டான் என்று காட்ட, திரைப்படங்களுக்கு இந்தக் கட்டடத்தின் ஒரு காட்சியே போதுமானதாக இருந்தது.

சினிமாவும் இச்சாலையில் வேர்விட்டதுதான். 1913இல் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்துக்குள் தபால்தலைச் சேகரிப்பாளர்களுக்கு உரிய பிரிவாக வாழ்கிறது. 1964இல் ஒரே கட்டடத்தில் சஃபையர், எமரால்டு, புளூ டைமண்ட் என மூன்று அரங்குகள் வந்தன. புளூ டைமண்டில் படம் இடைவிடாமல் ஓடும். எப்போது வேண்டுமானாலும் நுழைந்து உட்காரலாம். அந்த வளாகம் இடிக்கப்பட்டது, சாந்தி திரையரங்கு மூடப்பட்டது, தேவி திரையரங்கு இருக்கிறது. எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவும் இல்லை. ஆனால் அதனருகே 1973இல் எழுந்த அண்ணா மேம்பாலத்தை எல்லோரும் ஜெமினி மேம்பாலம் என்றே சொல்கிறார்கள். இச்சாலையிலுள்ள ஆயிரம் விளக்கு என்ற பகுதிப்பெயரும் இப்படி ஒரு கட்டடத்தை ஒட்டியதே; மொகரத்தின்போது ஆயிரம் விளக்கேற்றிய ஷியா பள்ளிவாசலால் வந்தது.

இழப்புகள் பல. ஸ்பென்சர் அங்காடியின் செங்கல் மாளிகை 1980களில் தீக்கிரையானது. அங்கே இப்போதுள்ளது புதிய வணிக வளாகம். 1897இல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரிய ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் சென்று தடுத்தனர். சென்னையில் பழைய கட்டடங்களைக் காக்கும் முயற்சிகளில் இவ்வழக்கு பெருந்திருப்பம்.

தேனாம்பேட்டைக்குத் தெற்கே வேகமும் வாகனமுமே மிகுதி. புத்தகக் காட்சி நடக்கும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் ஆண்டுக்கொருமுறை அதை மாற்றுகிறது. 2018 முதல் மெட்ரோ இச்சாலைக்கு அடியில் ஓடுகிறது. கத்திப்பாராவைத் தாண்டினால் பரங்கிமலை. அதன் உச்சிக்குப் போகும் படிக்கட்டைக் கட்டியவரும் உஸ்கான்தான்.