உறையும் புளிப்பும்

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பது ஈழத்தமிழர் நாவில் வழங்கும் பழமொழி. கடற்கரை மணலில் படரும் மெல்லிய கொடி அது. தனித்து நின்றால் சிறு குழந்தையும் அறுத்துவிடும். பல கொடிகள் ஒன்றாகத் திரண்டால் வலிய கயிறாகும். அக்கொடியின் பெயரையே தாங்கி, மன்னார்ப் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களை அடுத்து அமைந்திருக்கிறது அடம்பன் என்னும் ஊர். பழமொழி கூறும் உண்மையை அவ்வூர் அடுக்களைகளிலும் காணலாம். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் திரண்டு பாலைத் தயிராக்குகின்றன. அப்ப மாவைப் பொங்கச் செய்கின்றன. இரவில் நீரூற்றி வைத்த சோற்றைப் புளிக்க வைக்கின்றன.

மன்னார் வெப்பம் மிகுந்த வறண்ட நிலம். இத்தகைய நிலத்தில் சமைத்த உணவு விரைவில் கெடும். ஆனால், கெடுவது வேறு, புளிப்பது வேறு. இவ்வேறுபாட்டை அறிந்துகொண்டதே பண்டை மனிதனின் பெரும் வெற்றிகளுள் ஒன்று எனலாம். மிஞ்சிய சோற்றில் நீரூற்றி மூடி வைத்தால், விடியுமுன் அதில் இலத்திக்கமிலம் தோன்றுகின்றது. அந்தப் புளிப்பு, உணவைக் கெடுக்கும் கிருமிகள் பலவற்றைத் தலையெடுக்க விடுவதில்லை. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு பழஞ்சோறு உண்டு வயலுக்குச் சென்ற உழவன், இந்த இரசாயனத்தை அறியான். அதன் பயனை நன்கு அறிவான்.

தமிழர் இக்கலையில் பழம் பயிற்சி உடையவர் என்பதற்குச் சங்க நூல்கள் சான்று. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பொன்று வருகின்றது. அங்கே குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, நெல்முளை சேர்ந்த அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டுப் பிழிந்தெடுக்கும் முறை ஒழுங்காகச் சொல்லப்பட்டிருக்கின்றது. அளவு, சூடு, காலம், கலம் என்னும் நான்கும் அதில் அடங்கியுள்ளன. புறநானூற்றின் 276 ஆம் பாட்டிலோ உறைமோரே உவமையாகிறது. ஆய்மகள் ஒருத்தி நகத்தால் தெறித்த சிறு உறை, குடம் நிறைந்த பால் முழுவதையும் மாற்றிவிடுகின்றது. அதுபோல், முதியவள் ஒருத்தியின் மகன் தனியொருவனாய் நின்று பகைப்படை முழுவதையும் கலக்கினான் என்கிறார் புலவர். சிறிதளவு உறையின் ஆற்றலை அன்றாடம் கண்டு பழகிய மக்களுக்கன்றோ இவ்வுவமை விளங்கும்!

மன்னார்க் கரையின் மற்றொரு செல்வம் பனை. பாளையைச் சீவிக் கட்டிய முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் இனிய கருப்பநீர் கிடைக்கும். தடவாவிடில் சில மணி நேரத்தில் அது கள்ளாகும். மேலும் பல நாள் விட்டால் வினாகிரியாகும். சாறு ஒன்றே, காலமும் கைப்பக்குவமுமே வேறு. ஒரு சிறங்கைக் கள் அப்ப மாவைப் பொங்க வைக்கும். அளவு மீறிய கள் குடும்பத்தைக் குலைக்கும். எனவே இக்கலைக்கு அடக்கமும் ஓர் அங்கமாயிற்று.

1560 ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். அவர்கள் ஆட்சி மறைந்து நூற்றாண்டுகள் பல கழிந்தும், அவர்கள் மொழிச் சொற்கள் இரண்டு ஈழத்துச் சமையலில் நிலைத்துவிட்டன. ஒன்று வினாகிரி, மற்றொன்று பாண். இரண்டும் புளிப்பினால் ஆகும் பொருள்கள். ஐரோப்பிய மதுவம் கிடைக்காத கோவாவில் அவர்கள் பாண் மாவைக் கள்ளூற்றியே பொங்க வைத்தனர். ஆள வந்தவரும் உள்ளூர்ப் பாளையின் உதவியை நாட வேண்டியிருந்தது.

இவற்றுக்கெல்லாம் காரணம் உயிருள்ள நுண்ணுயிர்களே என்று 1857 ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர், பால் புளிப்பதை ஆராய்ந்து எடுத்துரைத்தார். ஆய்மகளின் நகநுனியில் இருந்தது இன்னது என்று உலகம் அன்றுதான் உணரத் தொடங்கியது.

உயிருள்ள பொருளாதலின், உறைக்கு ஒரு தொடர்ச்சி வேண்டும். இன்றைய தயிர் நாளைய தயிருக்குத் தாய். ஒரு வீட்டில் உறை தீர்ந்தால் அயல்வீட்டுப் படலையைத் தட்டுவர். அங்கும் இல்லையேல் அடுத்த ஊரிலிருந்து வரும். 2008 ஆம் ஆண்டில் போர் அடம்பனைச் சூழ்ந்தபோது இத்தொடர் அறுந்தது. மக்கள் மாட்டையும் பானையையும் விட்டுப் பெயர்ந்தனர். போர் ஓய்ந்த பின்னரே மீண்டனர். வீட்டைக் கட்டப் பணமும் பொருளும் உதவும். ஆனால் பாட்டி அறிந்திருந்த அளவும் நேரமும் எந்த உதவிப்பட்டியலிலும் அடங்குவன அல்ல. அவை கைகண்டு கற்க வேண்டியவை. கற்பிக்க வேண்டியவர் மறைந்துவிட்டால், அவற்றை மீட்பது அரிது.

இன்று பெருநகரங்களில் கொம்புச்சா என்னும் புளித்த தேநீர் விலை கொடுத்து வாங்கப்படுகின்றது. இனிப்பிட்ட தேநீரில் மதுவமும் பற்றீரியாவும் கூடி வாழும் வழுவழுப்பான படலத்தை இட்டு அதனைப் புளிக்க வைக்கின்றனர். ரஷ்ய மக்கள் அதனைத் தேயிலைக் காளான் என்றழைத்து நெடுங்காலம் வீட்டிலேயே வளர்த்தனர். ஒரு வீட்டுப் படலத்தின் துண்டே மறுவீட்டுக்குத் தாயாயிற்று. தூய கலமும் உரிய காலமும் அங்கும் இன்றியமையாதனவே. 1867 ஆம் ஆண்டு முதல் தேயிலையை வணிகப் பயிராக வளர்த்துவரும் இலங்கைக்கு இப்பானம் புதிது. ஆனால் உறையைப் பேணி அயலாரோடு பகிரும் வழக்கம் புதிதன்று.

வெளிநாட்டுப் புளிப்பை வரவேற்பதில் தவறில்லை. பழஞ்சோற்றை ஏழைமையின் அடையாளமென்று நாணி ஒதுக்குவதே தவறு. வீட்டில் முதியோர் இருக்கும்போதே உறையிடும் பக்குவத்தை இளையோர் கேட்டறிதல் வேண்டும். சிறு உறை குடப்பாலை மாற்றும். அந்தச் சிறு உறை இல்லையேல், குடம் நிறைந்த பாலும் பயனின்றிக் கெடும்.