பெயரில் போட்ட முடிச்சு

விஷுவல் பேசிக் வகுப்பெடுத்த காலத்தில் மாணவர்களிடமிருந்து நான் அதிகம் கேட்ட புகார் இதுதான்: "சார், பட்டனை அமுக்குறேன், ஒண்ணுமே நடக்கல. எரரும் வரல." எரர் வந்தால் அதைப் படித்து வழி தேடலாம். வராதபோதுதான் பிள்ளைகள் தவித்துப்போவார்கள். யாரும் அழைக்காத ஒரு ப்ரொசீஜர் சும்மா கிடப்பதைக் கம்பைலர் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை.

பட்டனையும் அதற்கான நிரலையும் யார் முடிச்சுப் போடுவது? 1985-ல் வந்த விண்டோஸின் முதல் பதிப்பில் அது முழுக்க நிரலாளர் பொறுப்பு. பட்டனை அமுக்கினால் டபிள்யூஎம்_கமாண்ட் என்ற மெசேஜ், பட்டனின் எண்ணைச் சுமந்து விண்டோ ப்ரொசீஜருக்கு வரும். அங்கே நீண்ட ஸ்விட்ச். அந்த எண்ணுக்கு ஒரு கேஸ் எழுதவில்லையென்றால் மெசேஜ் டெஃப்விண்டோப்ராக்கிடம் போய்ச் சத்தமில்லாமல் முடிந்துவிடும். எழுதுவது பெரும்பாடு. ஆனால் தேடுவதற்கு அந்த ஒரு இடம் போதும்.

1991-ல் விஷுவல் பேசிக் வந்து அந்தப் பாட்டைத் தீர்த்தது. பட்டனை டபுள் கிளிக் செய்தால் கமாண்ட்1_கிளிக் தயார். பட்டனின் பெயர், ஒரு அடிக்கோடு, நிகழ்வின் பெயர், முடிச்சு அவ்வளவுதான். இதில் மாட்டுவது பெரும்பாலும் ஒழுங்கான மாணவர்களே. நிரலை எழுதி முடித்தபின், பொருத்தமான பெயராக இருக்கட்டுமென்று ப்ராப்பர்ட்டீஸில் கமாண்ட்1-ஐ சிஎம்டிசேவ் என்று மாற்றுவார்கள். ப்ரொசீஜரின் பெயர் கூடவே மாறாது. கோட் விண்டோவின் இடப்பக்கப் பட்டியலில் 'ஜெனரல்' என்பதைத் திறந்தால் பழைய பெயரோடு அங்கே கிடக்கும். முதலில் அங்கே பார்க்கச் சொல்வேன். அடுத்தது, ப்ரொசீஜரின் முதல் வரியில் ஒரு பிரேக்பாயின்ட். ஓட்டம் அங்கே நின்றால் கோளாறு உள்ளே, நிற்காவிட்டால் முடிச்சில். இதைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே இருக்கும் வரிகளைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை.

1997-ல் ஜாவா 1.1 லிஸனர் முறையைக் கொண்டுவந்தது. பட்டனிடம் போய் லிஸனரைப் பதிவு செய்ய வேண்டும். அந்த ஒரு வரி விடுபட்டால் மறுபடியும் அதே மௌனம். மவுஸ்அடாப்டர் இன்னும் பொல்லாதது. மவுஸ்கிளிக்ட் என்று எழுத வேண்டியதை மவுஸ்கிளிக் என்று எழுதினால், யாரும் அழைக்காத புது மெத்தட் ஒன்று பிறந்துவிடும். அதைக் கம்பைலரே பிடித்துக்கொடுக்க 2004-ல் ஜாவா 5 தந்த ஓவர்ரைடு குறி வர வேண்டியிருந்தது. ஏழு ஆண்டுகள்! அதைச் சின்ன வசதி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எனக்குப் பிடித்த தீர்வு 2002-ல் விபி டாட்நெட் தந்த ஹேண்டில்ஸ். எந்தப் பட்டன், எந்த நிகழ்வு என்பதை ப்ரொசீஜரின் தலைவரியிலேயே எழுதிவிடுகிறோம். அந்தப் பெயரில் பட்டன் இல்லையென்றால் ப்ரொக்ராம் கம்பைலே ஆகாது. டிசைனரில் பட்டனை கட் செய்து இன்னொரு பேனலில் பேஸ்ட் செய்யும்போது மட்டும் கவனம் வேண்டும். ப்ரொசீஜர் அப்படியே இருக்கும், தலைவரியிலிருந்த ஹேண்டில்ஸ் போயிருக்கும்.