# குறிக்குப் பின்னே: இணைய முகவரியின் ஒரு சிறு வரலாறு

ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இடம்பெறும் இணைய முகவரி, எழுதிய நாளில் காட்டிய பக்கத்தையே பின்னாளிலும் காட்டுமா? இக்கேள்விக்கான விடையில் # என்னும் சிறு குறிக்கும் பங்கு உண்டு.

1994 டிசம்பரில் டிம் பெர்னர்ஸ் லீ முதலானோர் வெளியிட்ட ஆர்எஃப்சி 1738 என்னும் ஆவணம் இணைய முகவரிக்கு இலக்கணம் வகுத்தது. அதன்படி # குறி முகவரி முடியுமிடத்தைக் காட்டும் எல்லைக்கல். அதற்குப் பின்வருவது, கிடைத்த ஆவணத்தின் எப்பகுதியைக் காட்டுவது என உலாவிக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே. அது வழங்கிக்கு அனுப்பப்படுவதே இல்லை.

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட், முகவரியை நிரலின் கையில் அளித்தது. ‘லொகேஷன்’ என்னும் பொருளின்வழித் தளப்பெயர், பாதை, வினவல், # பகுதி ஆகியவற்றைத் தனித்தனியே படிக்கவும் மாற்றவும் இயன்றது. பாதையையோ வினவலையோ மாற்றினால் உலாவி வழங்கியிடம் பக்கத்தைப் புதிதாகக் கோரும். # பகுதியை மாற்றினால் கோராது.

இவ்வேறுபாடே பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு வித்து. 2005ஐ ஒட்டி அஜாக்ஸ் முறை பரவியது. பக்கம் மாறாமலே உள்ளடக்கம் மாறியபோது, அம்மாற்றத்தை முகவரியில் பதிந்துவைக்க # பகுதியைத் தவிர வேறிடம் இல்லை. ஆவணத்தின் உட்பகுதியைச் சுட்டவந்த குறி, ஆவணத்தையே சுட்டலாயிற்று. 2009இல் கூகுள் முன்மொழிந்த #! முறை இவ்வழக்கத்தை நெறிப்படுத்தியது. 2010இல் ட்விட்டர் அதனைக் கைக்கொண்டது.

விலை பெரிது. அத்தகைய முகவரிகள் ஆயிரமிருப்பினும் வழங்கியின் பார்வையில் அவை ஒன்றே. நிரல் இயங்காவிடில் எஞ்சுவது முகப்பு மட்டுமே. பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடவும் வழங்கியால் இயலாது. அதற்கென ஒரு நிரல் முகப்பில் என்றென்றும் காவலிருக்க வேண்டும்.

எச்டிஎம்எல்5 தந்த ‘புஷ்ஸ்டேட்’ என்னும் செயற்கூறு, பக்கத்தை மீளக் கோராமலே பாதையை மாற்ற வழிசெய்தது. ஒரு தளம் பிறிதொன்றாக வேடமிடாதிருக்கத் தளப்பெயரை மாற்ற மட்டும் அது இடந்தரவில்லை. 2012இல் ட்விட்டர் #! முறையை விட்டு விலகத் தொடங்கியது. 2015இல் கூகுளும் தன் பரிந்துரையை விலக்கிக்கொண்டது.

எனினும் சிக்கல் முற்றும் தீர்ந்ததன்று. நிரல் எழுதிய பாதையை வழங்கியும் அறிந்திருந்தால்தான், அதே முகவரியோடு நாளை வருபவருக்கு அதே பக்கம் கிட்டும். முகவரியை நிலைபெறச் செய்வது தளத்தை நடத்துவோரின் கடமை என 1998இலேயே பெர்னர்ஸ் லீ வாதிட்டார். முகவரியை மாற்றும் ஆற்றல் நிரலுக்கு வந்த பின்னர் அக்கடமை நிரலாளருக்கும் உரியதாயிற்று. அதில் அவர்கள் தவறும்போது அடிக்குறிப்பு அச்சில் இருக்கும், சான்று இருக்காது.