உயிலில் மாப்பிள்ளை கையெழுத்து

சாட்சிக்கு வெளியாள் எதற்கு, மாப்பிள்ளைதான் இருக்கிறாரே என்பது நம் வீடுகளில் சகஜமான பேச்சு. மணலி புதுநகரில் ஒருவர் ரிஃபைனரியிலிருந்து ஓய்வு பெற்று, தான் கட்டிய ஒரே வீட்டை மகளுக்கு உயில் எழுதுகிறார் என்று வையுங்கள். டைப் அடித்த இரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தின் அடியில் சாட்சி 1, சாட்சி 2. முதல் இடத்தில் மகளின் கணவர் கையெழுத்து.

அது கிறிஸ்தவக் குடும்பமானால், அந்தக் கையெழுத்து ஒன்றாலேயே மகளுக்கு எழுதியது செல்லாமல் போகும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 67ஆம் பிரிவு அப்படி. இந்துக்களுக்கு இந்தப் பிரிவு கிடையாது. எச்சரிக்க வேண்டிய வக்கீல் வாயைத் திறக்கவில்லை என்றால் மகள் யாரைக் கேட்பது?

இங்கிலாந்தில் இதற்கு விடை பிறந்ததும் இதே மாதிரி ஒரு கையெழுத்தில்தான். ராஸ் எதிர் கான்டர்ஸ் வழக்கிலும் சொத்து பெற வேண்டிய பெண்ணின் கணவரே சாட்சி, வக்கீல் தடுக்கவில்லை. உயில் எழுதியவர்தான் கட்சிக்காரர்; அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவருக்கு நஷ்டமில்லை. நஷ்டப்பட்டவளோ கட்சிக்காரர் இல்லை. இந்தச் சந்தில் வக்கீல் தப்ப முடியாது என்று 1979இல் நீதிபதி ராபர்ட் மெகாரி தீர்ப்பளித்தார்.

அது நிலைத்தது 1995இல், ஒயிட் எதிர் ஜோன்ஸ் வழக்கில். பர்மிங்காமில் ஒரு முதியவர் கோபத்தில் மகள்கள் இருவரையும் உயிலிலிருந்து நீக்கினார். பிறகு ராசியாகி, ஆளுக்கு 9,000 பவுண்ட் எழுதச் சொல்லி 1986 ஜூலையில் வக்கீல் ஆபீசுக்குக் கடிதம் போட்டார். ஆபீஸ் இழுத்தடித்தது, செப்டம்பரில் அவர் இறந்தார். பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்று மகள்கள் ஜெயித்தார்கள். பணமும் கொடுக்காத, யோசனையும் கேட்காத ஆளுக்கு வக்கீல் எப்படிப் பொறுப்பு என்று மறுத்த இருவரின் வாதமும் லேசானதல்ல. ஆனால் நியாயம் மகள்கள் பக்கம்தான்.

அங்கே 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்குப் பொதுவாக 40 சதவீதம் வாரிசு வரி. அதனால் வரி யோசனையில் நடந்த பிசகுக்கும் வாரிசுகள் இதே வழியில் கோர்ட் ஏறினார்கள். நம் நாட்டில் 1953இல் வந்த எஸ்டேட் வரி, உச்சத்தில் 85 சதவீதம் வரை போய், 1985இல் ஒழிந்தது. வரி போனாலும் கையெழுத்துப் பிசகு போகவில்லை.

வக்கீல் என்பதாலேயே கவனக்குறைவு வழக்கிலிருந்து விலக்கு இல்லை என்று 1926ஆம் ஆண்டு வக்கீல் கட்டணச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. உயிலால் பயன்பெறுபவரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. நுகர்வோர் கோர்ட் கதவையோ, வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் சாத்திவிட்டது.

எனவே சொத்தில் பங்கில்லாத, பங்குள்ளவரின் கணவனோ மனைவியோ அல்லாத இரண்டு பேரை சாட்சிக்குப் பிடியுங்கள். உங்களைவிட வயதில் சின்னவர்களாக இருக்கட்டும். நாளைக்கு கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.