பதுவைத் தோட்டத்து எண்களும் பெயர்களும்

புனித அந்தோணியாரின் பெயரோடு இணைந்து தமிழ் மக்களின் நாவில் வழங்கும் பதுவை நகருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. வெனிஸ் குடியரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அந்நகரின் பல்கலைக்கழகத்துக்கென 1545-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மூலிகைத் தோட்டம், தோன்றிய இடத்திலேயே இன்றளவும் நிலைத்திருக்கும் பல்கலைக்கழகத் தோட்டங்களுள் மிகப் பழமையானது.

அது தோன்றியதற்கு அடிப்படை அச்சமே. அக்கால மருத்துவ மாணவர்கள் மூலிகைகளை ஏட்டின் வழியே கற்றனர். முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீசின் நூலே அவர்களுக்கு முடிந்த முடிபு. கைமாறிக் கைமாறிப் படியெடுக்கப்பட்டதில் அந்நூலின் ஓவியங்கள் உருத்திரிந்து போயின. கொத்தமல்லிக் குடும்பத்துச் செடிகள் பல இலையளவில் ஒத்த தோற்றமுடையவை. அவற்றுள் ஒன்று சமையலுக்கு ஆவது. மற்றொன்று சாக்ரட்டீசின் உயிரைக் குடித்த ஹெம்லாக். மருந்து விற்போர் அறியாமையாலோ பொருளாசையாலோ ஒன்றனுக்கு மற்றொன்றை அளித்தால், அதனைக் கண்டறியும் பயிற்சி மருத்துவரிடமும் இல்லை. 1533 முதல் மூலிகைப் பாடம் நடத்திவந்த பிரான்செஸ்கோ போனபேதே, உயிருள்ள செடிகளைக் காட்டிக் கற்பிக்க ஒரு தோட்டம் வேண்டுமென வற்புறுத்தியது இதனாலேயே.

தோட்டம் அமைந்தது, திருடரும் வந்தனர்! அரிய மூலிகைகளைக் காக்க 1552-இல் வட்டமதில் எழுப்ப வேண்டியதாயிற்று. அவ்வட்டத்தினுள் ஒரு சதுரம், அது நான்கு கூறுகள், ஒவ்வொரு கூற்றிலும் எண்ணற்ற சிறு பாத்திகள். ஆசிரியர் விரல் நீட்டிக் காட்டியதை மாணவர் நினைவில் நிறுத்துவது எங்ஙனம்?

1591-இல் வெளிவந்த ஒரு சிறு நூல் இதற்கு வழிகண்டது. தோட்டத்தின் வரைபடமும் பாத்திகளின் எண்களும் அதில் அச்சிடப்பட்டிருந்தன. எண்களுக்கு எதிரே வெற்றிடம். எந்தப் பாத்தியில் எச்செடி என்பதை மாணவரே பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஆயத்தமான பெயர்ப்பலகையை ஒருமுறை படித்து நகர்வதினும், தானே கண்டு எழுதிய பெயர் நெஞ்சில் நிலைக்கும் என்பதில் ஐயமில்லை.

இதற்கிடையே அமெரிக்காவிலிருந்து சூரியகாந்தி, உருளைக்கிழங்கு, தக்காளி முதலியன ஐரோப்பாவுக்குள் நுழைந்தன. தியோஸ்கோரிதீசு கனவிலும் காணாத செடிகள் இவை. பெயர் தெரியாதவற்றுக்கு அறிஞர்கள் வருணனையையே பெயராக்கினர். தக்காளியின் பெயர், 'முள்ளற்ற பசுந்தண்டும், சிறகுபோல் பிளவுபட்ட வெட்டிலைகளும், கிளையற்ற பூங்கொத்தும் உடைய கத்தரியினம்' என்னும் பொருள்பட இலத்தீனில் நீண்டது. இதனை எப்பலகையில் எழுதுவது!

சுவீடன் நாட்டு லின்னேயசு 1753-இல் வெளியிட்ட நூலில், அந்நெடும்பெயரின் ஓரத்தே ஒற்றைச் சொல்லொன்றைக் குறித்தார். இனப்பெயரோடு அதனைச் சேர்த்து, 'சொலானம் லைகோபெர்சிகம்' என இருசொல்லில் தக்காளி அடங்கிற்று. 1768-இல் பிலிப் மில்லர் அதனைக் கத்தரியினத்தினின்று பிரித்து வேறு பெயரிட்டார். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த மரபணு ஆய்வுகளோ அதனை மீண்டும் கத்தரியினத்திலேயே சேர்த்தன. லின்னேயசு இட்ட பெயரே திரும்ப வந்தது. பெயர் மாறுந்தோறும் பலகையும் மாறியாக வேண்டும்.

ஆதலின் இக்காலத் தோட்டங்களில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு வரவு எண் வழங்கப்படுகிறது. அச்செடி எங்கிருந்து, எப்போது, எவரால் கொண்டுவரப்பட்டது என்பது அவ்வெண்ணின்கீழ்ப் பதிவேட்டில் இருக்கும். இனம் மட்டும் தெரிந்து, வகை தெரியாத செடியின் பலகையில் பெயரின் பிற்பாதிக்கு மாற்றாக 'sp.' என்னும் சுருக்கக்குறி இடப்படும். எண் மட்டும் தவறாது பொறிக்கப்பட்டிருக்கும்.